அம்மாவின் ரைன் நதியும் பாட்டியின் அடுப்புச் செங்கலும்

இரவு ஒன்பது மணிக்கு மேல் அம்மாவின் கைப்பேசியில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருக்கும். அது ரைன் நதி. வெள்ளைக் கப்பல் ஒன்று மெதுவாக நகரும். இரு கரையிலும் திராட்சைத் தோட்டங்கள், மலைமேல் கோட்டைகள், ஆற்றோரம் ஊசிக் கோபுரத் தேவாலயங்கள். "பெட்டியை ஒரு தடவை பிரிச்சு வச்சாப் போதும். நாம ஊருக்குப் போக வேண்டாம், ஊரு நம்மகிட்ட வரும்" என்பார் அம்மா.

ஆம்ஸ்டர்டாமில் ஏறி, கொலோன், ஸ்ட்ராஸ்பர்க் வழியாக சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இறங்கும் எட்டு நாள் பயணம். அம்மா காட்டிய விலைப் பட்டியலில் ஓர் ஆளுக்குப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல். விமானக் கட்டணம் தனி. வீட்டில் நாங்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, பாட்டி, நான், தம்பி. அப்பா மூன்று ஆண்டுகளாகச் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அடுத்த வருஷம் பார்ப்போம்."

இந்த ஆண்டு அந்தப் பதிலைக் கேட்டதும் அம்மா ஒன்றும் பேசாமல் கைப்பேசியை அணைத்துவிட்டார். என் பல்கலைக்கழகக் கட்டணமும் தம்பியின் டியூஷன் செலவும்தான் அந்த 'அடுத்த வருஷத்தை' தள்ளிக்கொண்டே போகின்றன என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் அந்த மௌனம் உறைத்திருக்க வேண்டும். மறுவாரம் சனிக்கிழமை காலை, "எல்லாரும் கிளம்புங்க. ஆத்துல போகணும், கரையில பழைய ஊரு இருக்கணும், அவ்வளவுதானே? வாங்க" என்றார்.

பினாங்குப் பாலத்தைக் கடந்து, வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, சுங்கைப்பட்டாணி தாண்டி, பீடோங் வழியாக நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் கெடாவின் செமெலிங் படகுத்துறை. ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. "சதுப்புக் காட்டைப் பார்க்கவா மூணு வருஷம் காக்க வச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆற்றோரத்தில் ஏன் ஊர்?

படகில் ஏறும்முன், அம்மாவின் ரைன் நதியைப் பற்றி நான் அறிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பயணத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

ரைன் நதியில் பிங்கன், கோப்லென்ஸ் என்ற இரு ஊர்களுக்கு இடைப்பட்ட சுமார் 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2002இல் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. அங்கே கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன. அழகுக்காகக் கட்டியவை அல்ல அவை. பலவற்றின் வேலை, ஆற்றில் போகும் சரக்குப் படகுகளை நிறுத்திச் சுங்கம் வசூலிப்பது. காவ்ப் என்ற ஊரில், 14ஆம் நூற்றாண்டில், ஆற்றின் நடுவிலேயே ஒரு சுங்கக் கோட்டை கட்டினார்கள். கணக்கியல் படிக்கும் எனக்கு அதைப் பார்த்தால் அரண்மனையாகத் தெரியவில்லை, டோல் சாவடியாகத்தான் தெரிகிறது.

சாலையும் ரயிலும் இல்லாத காலத்தில் பாரமான சரக்கை மலிவாக நகர்த்த ஆற்றை விட்டால் வேறு வழியில்லை. சரக்கு இறங்கும் இடத்தில் சந்தை வரும். சந்தை வந்தால் வரி வரும், வரிப் பணத்தில் கோட்டையும் கோயிலும் எழும். கொலோன் தேவாலயத்தின் கட்டுமானம் 1248இல் தொடங்கி, நடுவில் நூற்றாண்டுக் கணக்கில் நின்றுபோய், 1880இல்தான் முடிந்தது.

ஆறு எப்போதும் சொன்னபடி கேட்பதுமில்லை. டான்யூப் நதிக்கரையில் உள்ள ஜெர்மனியின் பஸ்ஸாவ் நகர மண்டபச் சுவரில், ஒவ்வொரு பெருவெள்ளமும் எந்த உயரம் வரை ஏறியது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு வெள்ளம், 1501க்குப் பிறகு அந்நகரம் கண்ட மிகப் பெரிய வெள்ளம். மறுபக்கம், 2022 ஆகஸ்டு வறட்சியில் காவ்ப் நீர் அளவுகோல் 40 சென்டிமீட்டருக்கும் கீழே போனது. சரக்குக் கப்பல்கள் பாதிச் சுமையோடும் அதற்குக் குறைவாகவும் ஓடின. இப்படி நீர் வற்றும் காலங்களில் உல்லாசக் கப்பல் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்புவதும் உண்டு.

ஆறு, சரக்கு, சுங்கம், கோயில், கடைசியில் ஆற்றின் மனமாற்றம். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெர்போக் ஆற்றில்

எங்கள் படகில் அறைகள் இல்லை. கூரையும் பன்னிரண்டு இருக்கைகளும் இருந்தன. ஓட்டிய மலாய்ப் பெரியவரை நாங்கள் பாக்சிக் என்றே அழைத்தோம். நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் கிளம்பினார். மெர்போக் ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் உப்பாறு. இரு கரையிலும் வேர்களைக் கால்களாக ஊன்றி நிற்கும் பாக்காவ் மரங்கள். தமிழ்நாட்டில் இந்தக் காட்டை அலையாத்திக் காடு என்கிறார்கள். அலையின் வேகத்தை ஆற்றுவதால் வந்த பெயர்.

மீன் வளர்ப்புக் கூண்டுகளைக் கடந்தோம். தலைக்கு மேல் செம்பருந்துகள் வட்டமிட்டன. ஆறு விரிந்து கடலை நெருங்கும் இடத்தில் வடகரையில் தஞ்சோங் டாவாய் மீன்பிடிக் கிராமம், எதிரே பந்தாய் மெர்டேக்கா. பாக்சிக் எஞ்சினைக் குறைத்துவிட்டுப் பின்னால் கைகாட்டினார். ஜெராய் மலை மேகத்தைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றது.

"அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு ஜிபிஎஸ் அதுதான்" என்றார் அவர் மலாயில்.

அவர் சொன்னது சரி. கடலோரச் சமவெளியில் 1,200 மீட்டருக்கு மேல் தனியாக எழுந்து நிற்கும் மலை அது. வங்கக் கடலைக் கடந்து வரும் கப்பலுக்கு வெகு தொலைவிலேயே கண்ணில் படும். தமிழகக் கரையிலிருந்து பருவக்காற்றில் வந்தவர்கள், காற்று திசை மாறித் திரும்பிப் போகும்வரை காத்திருக்க ஒரு துறைமுகம் வேண்டும். குடிதண்ணீர், அரிசி, காட்டுப் பொருள்கள், மலாக்கா நீரிணையின் வாசல் எல்லாமே இந்த ஆற்றுமுகத்தில் கிடைத்தன. சீனத் துறவி யிஜிங் 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் போகும் வழியில் கெடாவில் தங்கிச் சென்றதாக எழுதியிருக்கிறார்.

அம்மா அதுவரை திருப்பி வைத்திருந்த முகத்தை மலைப்பக்கம் திருப்பினார்.

ஒரே ஊர், இரண்டு பாடம்

என் பள்ளிப் படிப்பில் நடந்த ஒரு வேடிக்கையை இங்கே சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ராஜேந்திர சோழன் கடாரம் வென்ற கதையைக் கேட்டேன். 'கடாரம் கொண்டான்' என்ற பட்டத்தைப் பேச்சுப் போட்டியில் முழங்கிப் பரிசும் வாங்கினேன். பிறகு இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் 'கெடா துவா' பற்றி மலாயில் படித்து, குறிப்பெடுத்து, தேர்வில் எழுதினேன். இரண்டும் ஒரே ஊர் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தமிழில் படித்தது ஒரு பெட்டியிலும் மலாயில் படித்தது இன்னொரு பெட்டியிலும் கிடந்தன. கடாரம் எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கும் புராண ஊர். கெடா துவா தேர்வுக்கு வரும் ஒரு தலைப்பு. அந்த ஊரின் ஆற்றில், கைக்கெட்டும் தூரத்தில் நீர் தெறிக்க நான் உட்கார்ந்திருந்தது இருபதாவது வயதில்தான்.

இணைத்துப் பார்த்தால் கிடைப்பவை ஏராளம். பட்டினப்பாலை சொல்லும் 'காழகம்' கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் சொன்னார். ராஜேந்திர சோழனின் கடற்படை 1025இல் ஸ்ரீவிஜயப் பேரரசைத் தாக்கியதையும், வென்ற ஊர்களின் பட்டியலில் கடாரம் இருப்பதையும் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. போர் மட்டுமே உறவாக இருக்கவில்லை. அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு, கடாரத்தரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணி விகாரம் என்ற புத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடையாக அளித்தான். அதைச் சொல்லும் செப்பேடுகள் டச்சுக்காரர் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போய், நெடுங்காலம் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் இருந்தன. அதனால்தான் அவற்றுக்கு லைடன் செப்பேடுகள் என்று பெயர்.

லைடன் நகரின் நடுவே ஓடும் ஆறு எது தெரியுமா? பழைய ரைன். ரைன் நதியின் பழைய கிளை அது. இதை நான் படகிலேயே கைப்பேசியில் பார்த்துச் சொன்னபோது அம்மா முதன்முறையாகச் சிரித்தார். "அப்ப நான் போக நினைச்சது சரிதானே?" என்றார்.

நம் பினாங்குக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. புத்தகுப்தன் என்ற மாகப்பல் தலைவனின் பெயர் பொறித்த கல்லை ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி 1834இல் கண்டெடுத்தது செபராங் பிறையில்தான். பல்லவ எழுத்தில், சமஸ்கிருத மொழியில் அமைந்த 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது. இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழாவுக்குப் போகிறவர்கள், அதே வளாகத்தில் இருக்கும் செரோக் தோக்குன் பாறை எழுத்துகளை அடுத்த முறை நின்று பாருங்கள்.

பாட்டி கண்ட செங்கல்

கரையேறிய பிறகு மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அதன் வளாகத்தில் மலைச்சரிவில் இருக்கிறது புக்கிட் பத்து பஹாட் சண்டி. சண்டி என்றால் பழங்காலக் கோயில். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆய்வாளர் தோண்டி வெளிக்கொணர்ந்தார். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலஸ்டர் லேம்ப் தலைமையில் கற்களை மீண்டும் அடுக்கினார்கள். இப்போது நாம் பார்ப்பது கல்லாலான அடித்தளமும் சுவரும்தான். மேலே மரத்தூண்களும் கூரையும் இருந்திருக்க வேண்டும். தூண் நட்ட கற்குழிகள் அப்படியே உள்ளன. கீழே ஓடை சலசலக்கிறது. பாட்டிக்கு மூட்டுவலி. அவர் மேலே ஏறவில்லை, கீழே நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் சுங்கை பத்துவில் நிறுத்தினோம். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகழ்ந்துவரும் இடம் இது. நம் பினாங்கில் இருக்கும் அதே யுஎஸ்எம்தான். இரும்பு உருக்கிய உலைகள், உலைக்குக் காற்று ஊதிய மண்குழாய்கள், செங்கல் கட்டடங்கள், படகுத்துறையின் மேடைகள் ஆகியவை இங்கே கிடைத்தன. இவற்றில் மிகப் பழையவற்றின் காலம் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. என்னை நிற்க வைத்தது வேறொன்று. படகுத்துறை இருக்கிறது, கண்முன்னே ஆறு இல்லை. வண்டல் சேர்ந்து சேர்ந்து நீர் விலகிப்போய், செம்பனை மரங்களுக்கு நடுவே வறண்ட தரையில் கிடக்கிறது ஒரு துறைமுகம். ஆற்றின் மனமாற்றம் என்று முன்பு சொன்னது இதைத்தான்.

இங்கே மேடு இல்லை, அதனால் பாட்டியும் நடந்து வந்தார். பாட்டி இளமையில் பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். செங்கல் வரிசையைக் கண்டதும் நின்றார். குனிய முடியாமல், கைத்தடியால் காட்டினார்.

"இந்தக் கல்லா? இது எங்க லயத்துக்குப் பின்னால கிடந்துச்சே கண்ணு. தட்டையா, அகலமா இருக்கும். மரத்தடியில மண்ணைக் கொத்துனா வரும். நாங்க மூணு கல்லை எடுத்து அடுப்புக் கூட்டிக்குவோம். நல்லாச் சூடு தாங்கும்."

அப்பா அதிர்ந்து, "அதையா அடுப்புக்கு வச்சீங்க?" என்றார்.

பாட்டி அவரை நிமிர்ந்து பார்த்தார். "யாருப்பா எங்ககிட்ட சொன்னா, இது என்னான்னு?"

அதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. பாட்டியின் செங்கல் உண்மையிலேயே அக்காலத்துச் செங்கல்தானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. பேச்சுப் போட்டியில் கடாரத்தை முழங்கிய எனக்கே அது எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது, விடியுமுன் மரம் வெட்டப் போன பாட்டியை என்ன சொல்வது?

எண் 11

பாட்டிக்குத் தெரியாமல் போனதைப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்த பிறகும் நடந்த ஒன்று உண்டு. சுங்கை பத்து பகுதியில் ஆய்வாளர்கள் முன்பே கண்டறிந்து, எண் 11 என்று பட்டியலிட்டு வைத்திருந்த சண்டி, நில மேம்பாட்டு வேலையில் இயந்திரம் கொண்டு இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமை அது. நிலம் தனியாருடையது, இடம் பாரம்பரியத் தளமாக அரசிதழில் பதிவாகவில்லை. ஆய்வு நூலில் ஒரு எண்ணாக இருந்தது அதைக் காப்பாற்றப் போதவில்லை.

'ஐரோப்பாவில் இப்படி நடக்குமா?' என்று கேட்கத் தோன்றும். நடந்திருக்கிறது. ரைன் நதிக்கு அருகே ஹைஸ்டர்பாக் என்ற இடத்தில் இருந்த பெரிய மடாலயத் தேவாலயத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்து, கல்லைக் கால்வாய் வேலைக்கு விற்றார்கள். மிஞ்சிய ஒரு பகுதியைத்தான் இன்று பயணிகள் படமெடுக்கிறார்கள். அம்மாவின் வீடியோவில் வரும் அழகான கரைகள் தானாகப் பிழைத்தவை அல்ல. இழந்து, வருந்தி, பிறகு பட்டியல் போட்டு, சட்டம் செய்து, பணம் ஒதுக்கிக் காத்தவை. ஜார்ஜ்டவுனும் அப்படித்தான். 2008இல் மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்ததால்தான், நம் பழைய கடைவீடுகளில் ஒரு சுவரை இடிக்கவும் இன்று அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்குக்கு அந்தத் தகுதி இன்னும் இல்லை.

நம்மால் ஆவது

மாணவ நண்பர்களே, எல்லாரும் தொல்லியல் படிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கியல் மாணவி அப்படிச் சொன்னால் என் விரிவுரையாளர்களே சிரிப்பார்கள். ஆனால் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் படிக்கத் தெரிந்த நமக்கு இந்த ஆற்றங்கரையில் ஒரு வசதி இருக்கிறது. இதன் சான்றுகள் தமிழ்க் கல்வெட்டிலும், மலாய்ப் பாடநூலிலும், ஆங்கில ஆய்வறிக்கையிலும் சிதறிக் கிடக்கின்றன. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க நம்மால் முடியும். எஸ்.பி.எம். எழுதப் போகிறவர்கள் வரலாற்றுக் குறிப்பேட்டில் 'கெடா துவா' என்ற தலைப்புக்குப் பக்கத்தில் 'கடாரம்' என்று ஒரு சொல்லை எழுதி வையுங்கள். எனக்கு அதை யாராவது அன்றே சொல்லியிருக்கலாம்.

போக நினைப்பவர்கள் நீர் ஏறும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஒரே நாளில் ஆறு, அருங்காட்சியகம், சுங்கை பத்து மூன்றையும் பார்த்துவிடலாம். எங்கள் ஐவருக்கும் படகு, பெட்ரோல், டோல், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆன செலவு, ரைன் பயணத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாள் ஆகும் செலவைவிடக் குறைவு. அப்பா இதை வீடு வரும்வரை மூன்று முறை சொன்னார்.

முடிந்தால் தாத்தா பாட்டியை அழைத்துப் போங்கள். கெடாவின் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் என்றால் கட்டாயம் அழைத்துப் போங்கள். அவர்கள் கொத்திய மண், அவர்கள் கண்ட கல், அது கிடந்த இடம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அன்று மாலை பாட்டி கேட்டுக்கொண்டதால் அவருடைய பழைய தோட்டத்தைத் தேடிப் போனோம். லயம் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புத் திட்டம். பாட்டி சாலையோரம் காரை நிறுத்தச் சொல்லி, கோயில், பால் கொட்டகை, தண்ணீர்க் குழாய் எல்லாம் எங்கே இருந்தன என்று கைகாட்டிச் சொன்னார். நான் கைப்பேசியில் பதிவு செய்தேன். பதினான்கு நிமிடங்கள். இடத்தின் குறிப்போடு அதை மலாயில் எழுதி அருங்காட்சியகத்துக்கு அனுப்பப் போகிறேன். தவறாக இருந்தால் தவறு என்று சொல்லட்டும்.

அம்மா ரைன் நதியை விடவில்லை. அன்று இரவும் அந்த வெள்ளைக் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் வேலைக்குப் போய் முதல் இரண்டு ஆண்டுச் சேமிப்பில் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் கப்பல் ஏறும்முன் ஒரு நாள் லைடனில் இறங்க வேண்டும் என்பது அம்மா சேர்த்த நிபந்தனை.